‘போட்டாச்சு’ பொத்தான்

ஃபிரிஜ் மெக்கானிக்கின் அண்ணன் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது விழுந்தார். பிறகு எழுந்தார், ஆனால் பாதிதான் எழுந்தார். வலது கையும் வலது காலும் அவர் சொன்னபடி கேட்க மறுத்துவிட்டன. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வீட்டையே அதட்டிக்கொண்டிருந்த மனிதர் இப்போது தண்ணீர் வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தாகம் எடுத்துவிடுகிறது. பிரஷருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் போடவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

தம்பிக்கும் அதே பிரஷர், அதே பிடிவாதம். ஊரிலுள்ள ஃபிரிஜ்களின் பிரஷரையெல்லாம் கேஜ் வைத்துப் பார்த்து, கூடியிருந்தால் குறைத்து, குறைந்திருந்தால் கேஸ் ஏற்றிவிட்டு வருகிற மனிதர், தன் உடம்பில் ஓடுகிற பிரஷரை மட்டும் டாக்டர்கள் கட்டிவிட்ட கதை என்று நினைத்தார். அண்ணன் விழுந்த நாளிலிருந்து மெக்கானிக்கின் மனைவி அவரை விடவில்லை. தினமும் காலையில் மாத்திரை, மாத்திரை என்று கத்தினாள். கெஞ்சினாள். அண்ணனைக் காட்டிப் பயமுறுத்தினாள். பேசாமல் இருந்தும் பார்த்தாள். அவர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "ம்."

இப்படி ஒருவரிடம் வருஷக்கணக்காகப் பேசுவது சுவரிடம் பேசுவதைவிட மோசம். சுவர் ‘ம்’ போடாது.

பிறகு ஒருநாள் கிளினிக்கில் நர்ஸ் அவருடைய போனை வாங்கி அதில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். அதில் பெரிதாக ஒன்றுமில்லை. தினமும் காலையில் மாத்திரை நேரத்துக்கு அது ஒரு கேள்வி கேட்கும். கீழே ‘போட்டாச்சு’ என்று ஒரு பச்சைப் பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் இரண்டு வரி பாராட்டு வரும். அந்தப் பாராட்டில்தான் மெக்கானிக் விழுந்தார். போன் கூப்பிட்டதும் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பார். மனைவி கூப்பிட்டால் அடுத்த அறையிலிருந்து வர அரை நாள் எடுத்துக்கொள்கிறவர் அவர்.

"இங்க பாரு, இன்னைக்கு என்ன சொல்லியிருக்கான்னு," என்று ஒருநாள் அவளிடமே வாசித்துக் காட்டினார். "‘சபாஷ்! உங்களை நம்பி ஒரு வீடே இருக்கு. இன்னைக்கும் அந்த வீட்டை நீங்க காப்பாத்திட்டீங்க.’ எவ்வளவு நயமாச் சொல்றான் பாரு. நீயும் இருக்கியே."

"யாரு சொல்றான்?"

"எவனோ படிச்சவன். குடும்பம் நடத்தி அடிபட்டவன் மாதிரி தெரியுது."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஏனென்றால் அந்தக் குடும்பம் நடத்தி அடிபட்டவன் அவள்தான்.

அவள் முன்பு பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். அந்த வேலை போன பிறகு, செருப்புக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்த ஒரு கம்பெனி அவளைச் சேர்த்துக்கொண்டது. பல மொழிகளில் ஓடுகிற ஆப் அது. தமிழை மட்டும் அதுவரை யாரும் கவனிக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘தங்கள் மருந்தினை நுகர்ந்துவிட்டீர்களா?’ என்று போட்டிருந்தார்கள். தண்ணீர் குடியுங்கள் என்பதற்கு ‘நீரேற்றம் பெறுக’. பிரஷர் இல்லாதவனுக்கும் படித்தால் பிரஷர் வரும். அவள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு மனுஷி இன்னொரு மனுஷனிடம் பேசுவது போல எழுதினாள். அலுவலகத்தில் அவளுக்கு வசனக்காரி என்று பெயர் வைத்தார்கள். பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

வேலை கிடைத்த அன்று அவள் வீட்டுக்கு வந்து, "போன்ல வர்ற வாசகமெல்லாம் எழுதுற வேலைங்க," என்று சொல்லத்தான் செய்தாள். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஆபீஸ்ல ஏசி இருக்கா?" இருக்கிறது என்றாள். "என்ன டன்?" என்றார். தெரியாது என்றாள். அதோடு அவளுடைய உத்தியோகத்தைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் முடிந்துபோனது.

ஆகவே நர்ஸ் அதே ஆப்பை அவர் போனில் ஏற்றியபோது அவள் வாயைத் திறக்கவில்லை. முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு அவர் பொத்தானை அமுக்க ஆரம்பித்ததும் பயமாகிவிட்டது. தன் வாயால் சொன்னால் கேட்காத மனிதர், எவனோ சொல்வதாக நினைத்து மாத்திரை போடுகிறார். அவன் நான்தான் என்று சொன்னால் நிறுத்திவிடுவார். கணவனின் உயிருக்காக ஒரு மனைவி என்னவெல்லாமோ செய்கிறாள். இவள் தன் பெயரை மறைத்தாள். அதில் ஒரு கசப்பு இருந்தது. கசப்பை விழுங்கிக்கொண்டாள், அவர் மாத்திரையை விழுங்குகிறாரே என்று.

அடுத்த தடவை கிளினிக்குக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். முகம் மாறியது. மறுபடியும் அடித்தார். பிறகு அவருடைய போனை வாங்கி, ஆப்பைத் திறந்து பார்த்தார். மாதம் முழுக்கப் பச்சை. ஒரு நாள்கூட விடவில்லை.

"பிரமாதம். இந்த மாதிரி ஒழுங்கா மாத்திரை போடுற ஆளை நான் பார்த்ததே இல்ல," என்று டாக்டர் கையை நீட்டினார். மெக்கானிக் குலுக்கினார். "ஆனா பிரஷர் இறங்கவே மாட்டேங்குதே. அப்ப இந்த டோஸ் உங்களுக்குப் பத்தலைன்னு அர்த்தம். இதையே ரெட்டிப்பா எழுதுறேன்."

"சரிங்க டாக்டர்," என்றார் மெக்கானிக். அவர் முகத்தில் அசடு வழிந்தது. பாராட்டைக் கேட்டுக் கூச்சப்படுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை மறுநாள் மத்தியானம் வரை இருந்தது.

அலுவலகத்தில் யார் எந்தப் பொத்தானை எப்போது அமுக்கினார்கள் என்று பார்ப்பதற்கென்றே ஒருத்தி இருந்தாள். கணக்கம்மா. இரண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு வந்தவள். எண்ணைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடுவாள் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் வசனக்காரியைத் தன் திரைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இதோ பாருங்க. கேள்வி போய்ச் சேர்ந்த அடுத்த நொடியே அமுக்குறாங்க இவங்க எல்லாம்."

"நல்லதுதானே. சுறுசுறுப்பு."

"என்ன சுறுசுறுப்பு? மாத்திரையை எடுக்கணும், பிரிக்கணும், வாயில போடணும், தண்ணி குடிக்கணும். அப்புறம் கண்ணாடியைத் தேடிப் போனை எடுக்கணும். நம்ம ஆளுங்க பாதிப் பேர் வயசானவங்க. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள எப்படி அமுக்குவாங்க?"

"மொதல்லயே போட்டிருப்பாங்க."

"அப்படித்தான் நானும் நினைச்சேன். ஆனா நம்ம ஆப்போட சேர்ந்த மருந்துக்கடைக் கணக்கையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். இந்த அவசரக்காரங்க யாரும் அடுத்த அட்டை வாங்கவே வரல. வீட்டுல மாத்திரை தீரவே இல்லைன்னா என்ன அர்த்தம்?" கணக்கம்மா குரலைத் தாழ்த்தினாள். "தப்பா நினைக்காதீங்க. உங்க சபாஷ் ரொம்ப நல்லா இருக்கு. சபாஷுக்காகவே அமுக்குறாங்க. மாத்திரை எதுக்கு?"

வசனக்காரி சிரித்து வைத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தட்டை ஒதுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கிற ஆளின் முகம் கண்முன் வந்தது. அவர் முதலில் அமுக்குவார், பிறகுதான் கண்ணாடி போடுவார். கேள்வியைப் படிக்க அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. பாராட்டைப் படிக்கத்தான் தேவைப்பட்டது. மாத்திரையை அவர் எப்போது போட்டார் என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை; போன்தான் பார்த்துக்கொள்கிறதே என்று இருந்துவிட்டாள்.

இருவரும் மேலாளரிடம் போனார்கள். மேலாளர் ஆரோக்கியத்தின் மறு உருவம். பேசும்போதுகூட நின்றுகொண்டு, குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். முழுவதும் கேட்டுவிட்டு, "பொத்தான் அமுக்குறாங்கல்ல?" என்றார்.

"அமுக்குறாங்க. ஆனா மாத்திரை போடலை."

"நமக்குக் காசு குடுக்கிற காப்பீட்டுக் கம்பெனிக்கு நாம காட்டுறது பொத்தானைத்தான். வயித்துக்குள்ள எட்டிப் பார்க்க முடியுமா?" குதிகால் ஏறி இறங்கியது. "சரி, இவங்களைத் தனிக் குழுவாப் பிரிச்சுடுங்க. வசனக்காரம்மா, இவங்களுக்குன்னு தனியா ஏதாவது இனிப்பா எழுதிப் போடுங்க. அமுக்குறது நின்னுடக் கூடாது. அதுதான் முக்கியம்."

அன்று மாலை வீட்டில் குழாய் ஒழுகியது. மெக்கானிக் குளித்துக்கொண்டிருந்தார். குழாயை இறுக்க ஸ்பேனர் வேண்டும் என்று அவள் அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பெட்டியை அவள் தொட்டதில்லை, அவர் சமையலறை டப்பாக்களைத் தொடாதது போல. மேல்தட்டில் திருப்புளிகள், இடுக்கி, கருப்பு டேப். கீழ்த்தட்டில் கேஜ், அதைச் சுற்றிய ரப்பர் குழாய். அதற்கும் கீழே, பழைய சட்டைத் துணியில் சுற்றி, மாத்திரை அட்டைகள். பழைய அட்டைகளும் இருந்தன, நேற்று வாங்கிய ரெட்டிப்பு அட்டையும் இருந்தது. ஒன்றுகூடக் குத்தப்படவில்லை. காசு போட்டு வாங்கியதைத் தூக்கி எறிய மனம் வராத மனிதர், பத்திரமாக அடுக்கி வைத்திருந்தார்.

அவள் துணியைச் சுற்றினபடியே சுற்றி வைத்தாள். குழாயை மறந்துபோனாள்.

கத்தியிருக்கலாம். குளியலறைக் கதவை உடைத்திருக்கலாம். ஆனால் கத்தி எதுவும் நடந்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். அதைவிட வேறொன்று அவளைச் சுட்டது. அவளிடம் அவர் பொய் சொல்லவில்லை. அவளிடம் ‘ம்’ என்றுதான் சொன்னார். பொய் சொன்னது அவளுடைய எழுத்திடம். ஒவ்வொரு காலையும், அவள் உட்கார்ந்து யோசித்து, அடித்துத் திருத்தி எழுதிய வரியிடம். வீட்டில் இல்லாத மரியாதை அங்கேயாவது இருக்கிறது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த இரவு சாப்பாட்டில் அவர் கூட்டுக்கு உப்பு பத்தவில்லை என்றார். பிரஷருக்காக உப்பை அளந்தே போடுகிறவள், டப்பாவையே எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் அவள் அவசரக்காரர்களின் குழுவைத் திறந்தாள். வாசகத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. இனிப்பாக எழுத வேண்டும். சபாஷ் என்று தட்டினாள், அழித்தாள். பிரமாதம் என்று தட்டினாள், அழித்தாள். பிறகு ஆத்திரம் தாங்காமல், யோசிக்காமல், ஒரே மூச்சில் தட்டினாள்:

‘பொய். மாத்திரை அப்படியே அட்டையிலதான் இருக்கு. யாரை ஏமாத்துறீங்க?’

எழுதியதைப் பார்க்கப் பார்க்க மனசு கொஞ்சம் ஆறியது. அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாலையில் கதவைப் பூட்டும்போது கட்டத்தில் என்ன இருக்கிறதோ, அது மறுநாள் காலையில் எல்லாருக்கும் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. அழித்துவிட மறந்துவிட்டேன் என்று அவள் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள். மறந்திருக்கலாம். பாடப்புத்தகத்தில் ஒரு கால்புள்ளியைக்கூடத் தவற விடாதவள் என்பதையும் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

காலையில் போன் கூப்பிட்டது. மெக்கானிக் தட்டை ஒதுக்கினார், கையைத் துடைத்தார், பொத்தானை அமுக்கினார், கண்ணாடியைப் போட்டார். படித்தார். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடியும் படித்தார். நிமிர்ந்து கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே கேமரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, இன்னைக்கு வாசிச்சுக் காட்டலையா?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல," என்றார் அவர். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, டீயைக் குடிக்காமலே கிளம்பினார். வாசலில் நின்று கருப்பு டேப்பைக் கிழித்துப் போனின் பின்பக்கம் ஒட்டுவதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, திருப்தியாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று கேட்டால் திருப்திதான்.

அலுவலகத்தில் அந்தத் திருப்திக்கு விலை காத்திருந்தது. மாடிப்படி ஏறும்போதே போன்கள் அடிப்பது கேட்டது. அந்த வாசகம் அவளுடைய கணவனுக்கு மட்டுமா போயிற்று? பச்சைப் பொத்தானை அவசரமாக அமுக்குகிற அத்தனை பேருக்கும் போயிருந்தது. ஒருவர் தன் வீட்டை வேவு பார்ப்பதாகச் சொல்லி வழக்குப் போடுவேன் என்றார். ஒருவர் தன் மருமகள்தான் காட்டிக் கொடுத்தாள் என்று முடிவு கட்டி வீட்டில் ரகளை செய்துவிட்டுப் போன் செய்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மாத்திரை விஷயத்தைப் பற்றிப் பேசவே இல்லை. தன்னைப் பார்த்துப் பொய் என்று சொல்ல உனக்கு என்ன வயசு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நிறையப் பேர் ஆப்பையே எடுத்துவிட்டார்கள்.

"ஆனா இன்னொண்ணும் நடந்திருக்கு," என்று கணக்கம்மா மெதுவாக அவள் காதில் சொன்னாள். "எடுக்காம வெச்சிருக்கிறவங்க கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டாவது தடவையும் அமுக்கியிருக்காங்க. இந்தத் தடவை நிதானமா. நிஜமாவே போட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன்."

அதை மேலாளரிடமும் சொல்லிப் பார்த்தார்கள். அவருடைய குதிகால்கள் அன்று தரையிலேயே இருந்தன. காப்பீட்டுக் கம்பெனிக்காரன் காலையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான். "அம்மா, நல்லது செய்யணும்னு நினைச்சீங்க, புரியுது," என்றார். "ஆனா ஜனங்களைப் பாத்து நாம பொய்னு சொல்ல முடியாது. அதைச் சொல்றதுக்கு அவங்கவங்க வீட்டுல ஆள் இருக்கு." நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதை அதற்குப் பிறகு நயமாகத்தான் சொன்னார். அந்த நயம்கூட அவள் எழுதிக் கொடுத்த மாதிரியே இருந்தது.

அவள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். வேலை போனது வருத்தம்தான். ஆனால் நெஞ்சுக்குள் உருண்டுகொண்டிருந்தது வேறு: மெக்கானிக் அந்த வாசகத்தைப் படித்துவிட்டு மாத்திரை போட்டாரா, இல்லையா? போட்டிருந்தால் எதைப் போட்டார்? பழையதையா, ரெட்டிப்பையா? பழையதே உடம்புக்குப் பழகாத ஆள், திடீரென்று ரெட்டிப்பைப் போட்டுக்கொண்டு ஏதாவது மாடியில் ஏணி மேல் ஏறினால்? இது காலையில் அவளுக்குத் தோன்றவில்லை. திருப்தியாக இருந்தபோது எதுவும் தோன்றுவதில்லை. அவள் அவருக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அவர் வந்தபோது பொழுது சாயவில்லை. வழக்கமாக வருகிற நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். பெட்டியைக் கீழே வைத்தார். முழுசாக வந்து நிற்கிறாரே என்று அவளுக்கு மூச்சு வந்தது. அவர் அணைத்த போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, தொட்டால் சுடும் என்பது போல மேஜையில் வைத்தார்.

"இதுக்குக் கண்ணு இருக்கு," என்றார்.

"எதுக்கு?"

"இந்த ஆப்புக்கு. நான் மாத்திரை போடலைன்னு கண்டுபிடிச்சிடுச்சு. எப்படின்னு தெரியல. டேப் ஒட்டிப் பாத்தேன், அணைச்சுப் பாத்தேன். இன்னைக்கு ஒரு வேலையும் ஓடலை. ஒரு வீட்டுல கேஸ் ஏத்த மறந்துட்டுக் கதவை மூடிட்டு வந்துட்டேன்." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாத்திரை போடவில்லை என்று மனைவியிடமே ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. "ஒண்ணு சொல்லட்டுமா? வீட்டுலயும் சரி, வெளியிலயும் சரி, என்கிட்ட மரியாதையாப் பேசினது இது ஒண்ணுதான். இப்ப இதுவும் உன்னை மாதிரியே ஆயிடுச்சு."

அவள் முந்தானை நுனியை மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள்.

"அது நான்தாங்க," என்றாள்.

"எது?"

"அந்த ஆப்ல பேசுறது. நான்தான் எழுதுறேன். எழுதினேன். ஆபீஸ்ல அதான் என் வேலை. இன்னைக்குப் போகச் சொல்லிட்டாங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"பொய்னு எழுதினது நீயா?"

"ஆமா."

"அப்ப சபாஷ்?"

"அதுவும்தான்."

அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வீட்டைக் காப்பாத்திட்டீங்கன்னு எழுதினியே," என்றார் மெதுவாக, "அதெல்லாம் என்னை நினைச்சு எழுதினதா?"

இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "இல்லங்க. அது ஊருக்கே எழுதினது. பொய்னு எழுதினது மட்டும்தான் உங்களுக்கு."

அதைச் சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே விளங்கியது. அழுகை வந்தது. அவர் எழுந்து போய்விடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் போகவில்லை. குனிந்து பெட்டியைத் திறந்து, கேஜுக்குக் கீழே கையை விட்டு, துணிச்சுருளை எடுத்து மேஜையில் பிரித்தார். ரெட்டிப்பு அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைக் குத்தி உள்ளங்கையில் போட்டுக்கொண்டார்.

"சரி, விடு. இப்பப் போடுறேன். அழாதே."

இத்தனை வருஷமாக அவள் கேட்டது இதைத்தான். அவள் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போடாதீங்க! பழசையே நீங்க போட்டதில்ல. பச்சையைப் பாத்துட்டு டாக்டர் ரெட்டிப்பா எழுதியிருக்காரு. இதைப் போட்டா தலை சுத்தி விழுந்துடுவீங்க. குடுங்க அதை." மாத்திரையை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். பிடுங்கியதும் இருவருக்குமே என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கோபமில்லாமல், களைத்துப்போன குரலில் கேட்டாள்: "ஏங்க போடலை?"

அவர் தரையைப் பார்த்தார்.

"போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது," என்றார்.

"என்ன?"

"ஆரம்பத்துல மொத அட்டை தீர்ற வரைக்கும் ஒரு வாரம் போட்டேன். மாத்திரை போட்டா மத்தியானம் வரைக்கும் வந்துகிட்டே இருக்கு. நான் என்ன ஆபீஸ்லயா உட்கார்ந்திருக்கேன்? ஊரான் வீட்டுல ஃபிரிஜ்ஜைப் பிரிச்சுப் போட்டுட்டு, நடுவுல எழுந்து அந்த வீட்டம்மாகிட்ட பாத்ரூம் எங்கேன்னு எத்தனை தடவை கேட்கிறது? அடக்கிப் பாத்தேன், முடியலை. ஒரு வீட்டுல கேட்டேன். ரோட்டு முனையில பெட்ரோல் பங்க் இருக்கு, அங்க போயிட்டு வாங்கன்னு சொன்னாங்க. நான் போனதும் கதவைச் சாத்திட்டாங்க. திரும்பி வந்து பெல் அடிச்சுட்டு நின்னேன்." அவர் பெட்டியின் மூடியைச் சாத்தினார். "அன்னையிலிருந்து போடலை."

"இதை டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வேற மாத்திரை குடுத்திருப்பாரு. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"எல்லாரும் போட்டாச்சா, போட்டாச்சான்னுதான் கேட்டீங்க," என்றார் அவர். "நீ, டாக்டர், நர்ஸ், அந்தப் போன். ஏன் போடலைன்னு யாரு கேட்டா? இப்பதானே நீ கேட்கிற."

போட்டாச்சா என்று அவள் எத்தனையோ விதமாக எழுதியிருக்கிறாள். கெஞ்சலாக, கேலியாக, அக்கா கேட்பது போல, சிநேகிதன் கேட்பது போல. ஏன் போடவில்லை என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அந்த ஆப்பில் பதில் சொல்ல இடமில்லை. ஒரே ஒரு பொத்தான்தான். ஆனால் வீட்டில் இடம் இருந்தது. இவ்வளவு பெரிய கூடம் இருந்தது, எதிரெதிராக இரண்டு நாற்காலி இருந்தது, அவருக்கும் வாய் இருந்தது. கேட்கிறவள்தான் கேட்கவில்லை. அந்தப் பெட்ரோல் பங்க்கையும் சாத்திய கதவையும் நினைத்தபோது, இரண்டாம் மாடியிலிருந்து இறங்கியபோது வராத வலி இப்போது வந்தது.

அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். மேஜையில் கிடந்த அட்டைகளையெல்லாம் சேர்த்துக் கைப்பையில் போட்டாள்.

"டாக்டர் இன்னும் கிளினிக்லதான் இருப்பாரு. கிளம்புங்க."

"இப்பவா?" மெக்கானிக் எழுந்திருக்கவில்லை. "அந்த ஆளு கை வேற குலுக்கினாரு. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போய் நிக்கிறது? இந்த ஒண்ணுக்கு விஷயத்தையெல்லாம் நர்ஸை வெச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?"

"அதை நான் சொல்றேன். எனக்கு ஒண்ணும் வெட்கமில்ல," என்றாள் அவள். "பொய் சொன்னதை மட்டும் நீங்க சொல்லுங்க."

அவர் எழுந்து செருப்பைத் தேடினார்.